வழிச்செலவும் புற்றுநோய் வரலாறும்



அறிவியலின் வரலாற்றைக் கூறும் நூல்களில் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் இருக்கும். அவர்கள் கையாண்ட கருவிகளின் படங்களும் இருக்கும். ஆனால் அவர்களுடைய பயணச் சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற செய்தி பெரும்பாலும் இராது. இது சிறிய செய்தி என்று நீங்கள் கருதலாம். வரலாறு கற்பித்தே தலைநரைத்தவன் நான். எனக்கு அது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. புற்றுநோயை அடக்குவதற்கு உலகம் செய்துவரும் முயற்சியில், ஒருவர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததனாலேயே நிகழ்ந்த நன்மைகள் பல. வழிச்செலவு கிடைத்திராவிட்டால் அவற்றுட் சில நிகழ்ந்தே இரா. சில காலந்தாழ்ந்து நிகழ்ந்திருக்கும். அதனைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

என் தந்தையார் தலைமுறையினர் 'உபகாரச் சம்பளம்' என்றொரு சொல்லை வழங்குவர். ஏழை மாணவன் படிப்பதற்கு அரசோ செல்வரோ அளிக்கும் பணம் அது. இன்று அதனை உதவித்தொகை என்கிறோம். பயண உதவித்தொகை அதன் தம்பி போன்றது. பட்டம் பெறுவதற்காக அன்றி, ஓரிடத்திற்குப் போய், கண்டு, கேட்டு, பேசித் திரும்புவதற்காக அளிக்கப்படுவது. மாநாட்டிற்கு என்றால், போகவரக் கட்டணம், சில நாள் தங்கும் செலவு, மாநாட்டின் நுழைவுக்கான பதிவுக் கட்டணம் ஆகியவை அதில் அடங்கும்.

மருத்துவர்க்கு வழிச்செலவு கொடுக்கும் எண்ணம் பழமையானது. இங்கிலாந்தில் ஜான் ராட்க்ளிஃப் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1714ஆம் ஆண்டு காலமானார். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த இருவருக்கு ஆண்டுதோறும் 600 பவுன் அளிக்க வேண்டும் என்று அவர் தம் உயிலில் எழுதிவைத்தார். பத்தாண்டுகள் அவர்கள் மருத்துவம் பயிலலாம். ஆனால் அதில் பாதிக் காலத்தையேனும் கடல் கடந்த நாடுகளிற் கழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளூரில் மட்டும் நோயைக் கண்டவன் நோயை முழுதும் கண்டவன் ஆகான் என்பது அக்கிழவரின் கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

"நூல்களும் ஆய்விதழ்களும் அஞ்சலில் வருகின்றனவே, மருத்துவர் ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் என்னைக் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்கும் இக்கேள்வி எழுந்தே இருக்கும். ஆயினும் 1933ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் பல நாட்டு அறிஞர்கள் முதல் பன்னாட்டுப் புற்றுநோய் மாநாட்டைக் கூட்டினர். பன்னாட்டுப் புற்றுநோய் எதிர்ப்பு ஒன்றியம் ஒன்று வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. 1935இல் பாரிஸில் அது முறையாக அமைந்தது. பிரெஞ்சு அரசியலாளரான ஜஸ்டின் கோதார் அதன் தலைவரானார். இரண்டாம் மாநாடு 1936இல் பிரஸ்ஸெல்ஸிலும், மூன்றாவது 1939 செப்டம்பரில், உலகப்போர் மூண்ட சில நாட்களுக்குள், அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரிலும் நடந்தன. அதன்பின் எட்டாண்டுகள் மாநாடே இல்லை. 1947இல்தான் செயின்ட் லூயி நகரில் மீண்டும் கூடினர்.

கூடிப் பேசியதால் கிட்டியது என்ன? ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மருத்துவர் 'முற்றிய நோய்' என்று எழுதுவார். மற்றொரு நாட்டவர் அதே நிலையை 'இடைநிலை' என்பார். இருவரும் தத்தம் சிகிச்சையின் பயனைக் கணக்கிட்டு வெளியிட்டால், அக்கணக்குகளை எப்படி ஒப்பிடுவது? ஒருவர் மரக்காலாலும் மற்றவர் படியாலும் நெல் அளந்தாற்போல் ஆகும். பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் பியேர் தெனுவா 1943 முதல் 1952 வரை இதற்கு ஒரு முறை வகுத்தார். கட்டியின் அளவுக்கு டி, நிணநீர்க் கணுக்களில் பரவியதற்கு என், தொலைவான உறுப்புகளுக்குப் பரவியதற்கு எம் என்று மூன்று எழுத்துகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். அவ்வளவே. இம்முறையை ஒன்றியம் எடுத்துக்கொண்டு, குழுக்கள் அமைத்து, பல நாட்டினரும் உட்கார்ந்து வாதாடி, 1968இல் கையடக்க நூலாக வெளியிட்டது. இன்று சென்னையில் ஒரு நோயாளியின் ஏட்டில் எழுதப்படும் மூன்றெழுத்துக் குறிப்பை டோக்கியோவில் உள்ள மருத்துவர் அப்படியே புரிந்துகொள்கிறார். அளவுகோலை ஒருவர் செய்துவிடலாம்; அதனை எல்லாரும் ஒப்புக்கொள்வதற்கு எல்லாரும் ஓரிடத்தில் கூடியாக வேண்டும்.

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்லும் வரலாற்றிற்கு வருகிறேன். அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பர்க்கிட், சிறுவயதில் விபத்தொன்றில் ஒரு கண்ணை இழந்தவர். அறுவை மருத்துவராகி, 1946இல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டிற்குப் பணியேற்றுச் சென்றார். 1957இல் கம்பாலா நகரின் முலாகோ மருத்துவமனையில் ஹியூ ட்ரோவெல் என்னும் மருத்துவர் ஒரு குழந்தையை அவருக்குக் காட்டினார். அதன் தாடைகளின் நான்கு பக்கங்களிலும் வீக்கம். சில வாரங்களுக்குப் பின் ஜின்ஜா என்ற ஊரில் அதே போன்ற வீக்கத்தோடு மற்றொரு குழந்தையைப் பர்க்கிட் கண்டார். ஒன்று தற்செயல், இரண்டு கண்டபின் அவர் உறங்கவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டினார், நோயாளிகளைத் தேடினார், 1958இல் ஆய்விதழில் எழுதினார். எழுதியதைக் கவனித்தவர் அதிகம் இல்லை.

1961 மார்ச் 22ஆம் நாள், இங்கிலாந்துக்கு வந்திருந்த பர்க்கிட், இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனைக் கல்லூரியில் இந்நோயைப் பற்றி உரையாற்றினார். கேட்க வந்தவர்களுள் அந்தோணி எப்ஸ்டைன் என்ற இளைஞர் ஒருவர். அவர் கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அறிவிப்புப் பலகையில் உரையின் தலைப்பைக் கண்டு வந்தவர். இந்நோய் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் காணப்படுகிறது, வெப்பமும் மழையும் அதனோடு தொடர்புடையனவாகத் தோன்றுகின்றன என்று பர்க்கிட் கூறக் கூற, எப்ஸ்டைனின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது: இதற்குக் காரணம் ஒரு வைரஸாக இருக்குமோ? உரை முடிந்ததும் இருவரும் தேநீர் அருந்தியபடி பேசினர். கம்பாலாவிலிருந்து கட்டியின் துணுக்குகளை விமானத்தில் அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. பிரிட்டிஷ் பேரரசுப் புற்றுநோய் இயக்கம் என்னும் அறநிறுவனம் வழிச்செலவு கொடுக்க, எப்ஸ்டைன் உகாண்டாவிற்கே போய்வந்தார்.

பர்க்கிட்டோ அவ்வாண்டு அக்டோபரில் வேறொரு பயணம் தொடங்கினார். டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்னும் இரு மருத்துவ நண்பர்களுடன், பழைய ஃபோர்டு வண்டி ஒன்றில் ஏறிக் கம்பாலாவிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பத்து வாரம், 10,000 மைல், 57 மருத்துவமனைகள். ஒவ்வோர் ஊரிலும் குழந்தைகளின் படங்களைக் காட்டி, இத்தகைய நோயாளிகள் வந்ததுண்டா என்று கேட்டார். உண்டு என்றால் வரைபடத்தில் குறித்தார். மேட்டு நிலங்களில் இந்நோய் இல்லை. வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் உண்டு. மலேரியா மிகுந்த நிலமும் அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இப்பயணம் முழுவதற்கும் ஆன செலவு 678 பவுன். மருத்துவ ஆராய்ச்சியில் இவ்வளவு சிறிய தொகை இவ்வளவு பெரிய பயனைத் தந்தது அரிது என்பேன்.

இலண்டனில் எப்ஸ்டைனுக்கு எளிதில் ஒன்றும் கைகூடவில்லை. துணுக்குகள் வந்தவண்ணம் இருந்தன. மின்னணு நுண்ணோக்கியில் வைரஸ் தெரியவில்லை. இரண்டாண்டுகளுக்கு மேல் இப்படியே கழிந்தது. 1963 டிசம்பரில் ஒருநாள், இலண்டனில் கடும் மூடுபனி. துணுக்கைச் சுமந்து வந்த விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. காலந்தாழ்ந்து வந்து சேர்ந்த புட்டியில் நீர் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிட்டிருக்கலாம். எப்ஸ்டைன் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கலக்கத்திற்குக் காரணம் நுண்கிருமிகள் அல்ல; கட்டியிலிருந்து உதிர்ந்து உயிரோடு மிதந்த உயிரணுக்கள்! அவற்றை வளர்த்தபோது பெருகின. பெருகியவற்றில் வைரஸ் தெரிந்தது. ட்ரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சோங், அயர்லாந்து நங்கை ஐவோன் பார் ஆகியோருடன் சேர்ந்து 1964 மார்ச்சில் அதை அவர் வெளியிட்டார். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அது. எப்ஸ்டைன், பார் இருவர் பெயராலும் இன்றும் வழங்குகிறது.

இவ்வரலாற்றில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணச் செலவு என்றதும், அறிவு மிகுந்த நாட்டிற்கு அறிவு குறைந்த நாட்டார் போய்க் கற்று வருவதற்கான கொடை என்றே பலரும் நினைக்கின்றனர். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. நோயைக் கண்டவர் கம்பாலாவில் இருந்தார்; கருவி இலண்டனில் இருந்தது. கம்பாலாவிலிருந்து ஒருவர் வந்து பேசியிராவிட்டால், இலண்டன் தன் கருவியை வைத்துக்கொண்டு கோழிகளையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏழை நாட்டு மருத்துவர் வராமற்போனால், நட்டம் அவருக்கு மட்டும் அன்று, மாநாட்டிற்கும் உண்டு.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. பம்பாயில் 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையில் நோய்க்குறியியல் அறிஞராக விளங்கியவர் வி. ஆர். கானோல்கர். ஆந்திரக் கடற்கரைப் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பதும், அதனால் மேலண்ணத்தில் புற்று உண்டாவதும், வேட்டியை இறுகக் கட்டும் இடுப்பில் தழும்பேறி அது புற்றாவதும் 1940களில் அவரும் அவரைச் சேர்ந்தோரும் ஆராய்ந்த பொருள்கள். வாழ்க்கை வழக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை உலகுக்கு உணர்த்த இவை பெரிதும் உதவின. 1958 முதல் 1962 வரை பன்னாட்டு ஒன்றியத்தின் தலைமை இவரிடம் இருந்தது. 1962இல் மாஸ்கோவில் எட்டாம் மாநாடு கூடியபோது ஒன்றியத்தின் தலைவர் ஓர் இந்தியர்.

கானோல்கரின் மாணவி ஒருவரையும் சொல்ல வேண்டும். 1917இல் புனேயில் பிறந்த கமல் ரணதிவே, 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகருக்குச் சென்று, ஜார்ஜ் கே என்னும் அறிஞரிடம் திசு வளர்ப்புக் கலையைப் பயின்றார். உயிரணுக்களை உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் கலை அது. பயின்றவர் அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்து, பம்பாயில் இந்தியாவின் முதல் திசு வளர்ப்பு ஆய்வுக்கூடத்தை அமைத்தார். ஒருவருக்குக் கொடுத்த வழிச்செலவு, அவருக்குப்பின் அக்கூடத்தில் பயின்ற எத்தனையோ பேருக்குப் பயன்பட்டது.

தமிழ்நாட்டு மாணவர்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஆயினும் அவர் வாழ்வில் ஒரு பயணத்தின் பங்கை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அவர். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படவில்லை. கண்முன்னே உடன்பிறந்தாள் துடித்து மாண்டதை ஒரு மருத்துவர் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்தால் அவர் மனநிலை எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். 1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற, அரசின் உதவித்தொகை பெற்று அவர் இலண்டன் சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதையும், காலத்தில் கண்டறிந்தால் நோய் குணமாவதையும் கண்டார். 1926இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாதர் வாக்குரிமை மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

ஊர் திரும்பியவுடன் மருத்துவமனை எழுந்துவிடவில்லை. சட்டமன்றப் பணி, தேவதாசி முறையை ஒழிக்கும் போராட்டம், அவ்வை இல்லம் என்று அவருடைய நாட்கள் சென்றன. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பொதுமக்களிடம் முறையிட்டார். 1949இல் மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டத் தொடங்கினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அதனை வளர்த்தவர், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. உடனிருந்து வளர்த்தவர் டாக்டர் சாந்தா.

1925க்கும் 1954க்கும் இடையே 29 ஆண்டுகள். இன்று பயண உதவி அளிக்கும் அமைப்புகள், திரும்பிய சில வாரங்களில், பயணத்தால் விளைந்த பயன் என்ன என்று அறிக்கை கேட்கின்றன. கணக்குக் கேட்பது தவறன்று. கொடுத்த பணம் பிறர் பணம் அல்லவா? ஆனால் 1926இல் முத்துலட்சுமி அம்மையாரிடம் அத்தகைய அறிக்கை கேட்டிருந்தால் அவர் என்ன எழுதியிருக்க முடியும்? 'ஒரு மருத்துவமனையைக் கண்டேன்' என்று ஒரு வரி எழுதியிருப்பார்.

பின்னாளில் இவ்வுதவிகள் முறையாக அமைந்தன. 1960களில் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரின் பெயரால், அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் பொருளுதவியோடு, பன்னாட்டு ஒன்றியம் உதவித்தொகை வழங்கிற்று. 1970களில் ஜப்பானியர் யமகிவா, யோஷிடா என்னும் தம் அறிஞர் இருவர் பெயரால் ஒன்றை நிறுவினர். யமகிவா என்பவர், முயலின் காதில் கரித்தார் பூசிப் பூசி, 1915இல் செயற்கையாகப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டியவர். பொறுமைக்குப் பெயர்போன அவர் பெயரைப் பயண உதவிக்குச் சூட்டியது பொருத்தமே. ஒரு மாத அளவில் வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு நுட்பத்தைக் கற்றுத் திரும்புவதற்கான உதவியும் அக்காலத்தில் தொடங்கிற்று. 1994இல் பதினாறாம் மாநாடு புதுதில்லியிலேயே நடந்தது. அவ்வாண்டு நம் மருத்துவர் பலர்க்கு இரயில் கட்டணமே போதியதாயிற்று.

2005இல் கனடாவின் வான்கூவரில், ஆராய்ச்சிக்காக அன்றிப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டிற்காகவே ஒரு மாநாட்டு வரிசை தொடங்கிற்று. பின்னர் அது ரியோ டி ஜெனிரோ முதலிய நகரங்களிலும் கூடிற்று. கட்டுப்பாடு என்றால், நோய் வராமல் தடுத்தல், தொடக்கத்திலேயே கண்டறிதல், சிகிச்சை அளித்தல், தீராத நோயாளியின் வலியைத் தணித்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்தது. இத்தகைய மாநாடுகளில், வருவாய் குறைந்த நாடுகளிலிருந்து வருவோர்க்குப் பயண உதவி ஒதுக்குவது வழக்கமாகியுள்ளது.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆய்வுச் சுருக்கத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுதி, காலக்கெடுவுக்குள் அனுப்பத் தெரிந்தவர்க்கே பெரும்பாலும் உதவி கிடைக்கிறது. மாநாடு மாநாடாகப் போய், விருந்துண்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரும் உலகில் உளர். ஊர் ஊராகச் சென்று பெண்களைப் பரிசோதிக்கும் செவிலியர், புற்றுநோய்ப் பதிவேட்டில் பெயர், வயது, ஊர், நோய் என்று ஓயாமல் எழுதும் பதிவாளர், வலி தணிக்கும் மருந்தோடு வீடு தேடிப் போகும் தொண்டர் ஆகியோர் அந்த மண்டபங்களில் அரிதாகவே காணப்படுகின்றனர். 1966இல் டோக்கியோ மாநாட்டை ஒட்டிப் பதிவேட்டாளர்களுக்கென்று பன்னாட்டுச் சங்கம் தோன்றியது நற்செய்தி. எந்த நாட்டில் எந்தப் புற்று மிகுதி என்று நாம் இன்று அறிவதெல்லாம் அப்பதிவேடுகளின் கொடையே. ஆனால் ஏட்டை எழுதும் கைக்கு எத்தனை முறை பயணச் சீட்டுக் கிடைத்தது?

2020இல் கொள்ளைநோய் பரவியபோது மாநாடுகள் கணினித் திரைக்கு வந்தன. இனி வழிச்செலவே வேண்டாம் என்று சிலர் மகிழ்ந்தனர். உரைகளைக் கேட்பதற்குத் திரை போதும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எளியோர் பலர் அதனால் பயன்பெற்றனர். ஆனால் பர்க்கிட்டின் உரையில் பெரும் பயன் விளைந்தது உரைக்குப் பின், தேநீர் அருந்திய வேளையில். அந்த வேளையைத் திரையில் அமைக்கும் வழியை இன்னும் எவரும் காணவில்லை.

இறுதியாக நம் வீட்டு வெற்றிலைத் தட்டுக்கு வருவோம். பிரான்ஸின் லியோன் நகரில், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் இயங்கி வருகிறது. எப்பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவது அதன் பணிகளுள் ஒன்று. பல நாட்டு வல்லுநர்களைத் தன் செலவில் வரவழைத்து, ஒரு வாரம் ஒரே அறையில் இருத்தி, சான்றுகளை வரிவரியாகப் படித்து முடிவு செய்யும். 1985இல் வெளிவந்த தீர்ப்பில், புகையிலை சேர்த்துத் தாம்பூலம் போடுவது புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதி கூறினர். புகையிலை இல்லாத தாம்பூலத்தைப் பற்றி உறுதி கூறச் சான்று போதவில்லை என்று நிறுத்திக்கொண்டனர். 'புகையிலை போடாத வரையில் கேடில்லை' என்று நம் தாத்தா பாட்டிமார் சொல்லிவந்ததை மறுக்க அப்போது எவராலும் இயலவில்லை. பின்னர், புகையிலை சேர்க்காமலே பாக்கு மெல்லும் வழக்கமுள்ள தைவானிலிருந்தும், இந்தியா முதலிய நாடுகளிலிருந்தும் ஆய்வுகள் வந்து குவிந்தன. 2003 ஜூனில் மீண்டும் லியோனில் கூடினர். 2004இல் அந்நூல் வெளிவந்தது. புகையிலை கலவாத தாம்பூலமும் புற்றுநோய் தருவது. தனிப் பாக்கும் புற்றுநோய் தருவதே என்று அதில் எழுதியிருக்கிறது.